கரன்ட் சைக்கிளுக்கு மீட்டர் மாற்றிய கதை

கையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் மனதில் ஒரு பெண்ணும் வைத்திருக்கிற இளைஞனிடம் எந்தப் பொருளையும் திருத்தக் கொடுக்கக் கூடாது. திருத்தப் போனவன் நானே சொல்கிறேன், நம்புங்கள். கொடுத்தவரும் இன்றுவரை இதையேதான் சொல்கிறார். என்ன, அவர் சொல்லும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

கொடுத்தவர் என் மாமி. பெயர் நேசம்மா. அப்போது அவர் எனக்கு மாமி ஆகியிருக்கவில்லை, ஆகிற அறிகுறியும் இல்லை. தேற்றாத்தீவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் மகள் வதனியோடு இருந்தார். வதனி சிறு பிள்ளையாக இருந்தபோதே தகப்பன் நோயில் போய்விட்டார். நான் கிரான் ஆள். வயல்காரக் குடும்பத்தில் பிறந்தும் வயல் வட்டைச் சேற்றுக்குள் இறங்கப் பஞ்சிப்பட்டு, களுவாஞ்சிகுடியில் ஒரு போன் கடையில் வேலைக்கு நின்றேன். வதனி அங்கே தன் போனுக்கு ரீலோட் போட வருவாள். ஒரே தடவையில் போட வேண்டிய காசை ஒரு கிழமை முழுக்கப் பிரித்துப் போடத் தொடங்கியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. (விளங்க ஒரு கிழமை எடுத்தது என்பதையும் கவனியுங்கள்.)

என் தொழில் தகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் பயிற்சி பெறாத ஆளே இல்லை. வந்த நிறுவனமெல்லாம் பயிற்சி கொடுத்தன. சவர்க்காரம் செய்யச் சிலருக்கு, தையலுக்குச் சிலருக்கு. எனக்கு றேடியோ திருத்தும் பயிற்சி விழுந்தது. பயிற்சி முடியும்வரை ஒரு றேடியோவும் திருந்தவில்லை. ஆனாலும் அம்மா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களின் வரிசையில் மாட்டினார். அன்றிலிருந்து நான் எலக்ட்ரோனிக் தெரிந்த ஆள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே ஒரு தாய் மாப்பிள்ளை தேடும்போது மகளுக்கு மட்டும் தேடுவதில்லை. தன் கண் முன்னால், தன் குசினியில், காலம் முழுக்கச் சாப்பிடப் போகிற ஒருவனைத் தேடுகிறார். அந்தக் கண்ணால்தான் நேசம்மா என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டுக்குப் போன முதல் நாளே வாய் தவறி “மாமி” என்றேன். “அன்ரி எண்டு கூப்பிடு தம்பி, அது காணும்” என்றார்.

இனி அந்தச் சைக்கிள். சுனாமியில் அடிபட்டு நேசம்மாவின் வலது முழங்கால் பழுதாகிவிட்டது. மிதிக்க ஏலாது. அதற்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனத்தின் அலுவலகத்தில் சமையல் வேலை பார்த்தார். அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவருடைய இறால் கறிக்கு அடிமையாகி, நாட்டை விட்டுப் போகும்போது தன் மின்சாரச் சைக்கிளை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்கு அது கரன்ட் சைக்கிள். கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமல் போகும். கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் வேகமும் பற்றரியின் அளவும் தெரியும். நாங்கள் போன் கடைக்காரர்கள் டிஸ்பிளே என்போம், ஊர் மீட்டர் என்றது. கோயிலுக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று நேசம்மா ஊரெல்லாம் அதில்தான் போனார். ஒரு மாரியில் மழைத்தண்ணி உள்ளே இறங்கி அந்த மீட்டர் செத்தது. அந்தச் சைக்கிளில் மீட்டர் எரிந்தால்தான் மோட்டார் ஓடும். கடற்கரைக் காற்றையே ஒதுக்கிக்கொண்டு ஓடித் திரிந்த மனுஷி, கதவு நிலையில் சாய்ந்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

வதனி என்னிடம் வந்து, “அம்மாட சைக்கிளத் திருத்திக் குடுத்தா உங்கள ஒரு ஆளா மதிப்பா” என்றாள்.

ஒரு நாளைக்குப் பல போன்களுக்கு டிஸ்பிளே மாற்றுகிறவன் நான். சைக்கிளின் டிஸ்பிளே எம்மாத்திரம் என்று நினைத்தேன். காத்தான்குடியில் சீனச் சாமான் விற்கிற கடை ஒன்றில் தேடிப் பிடித்தேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நேர்மையான மனுஷன்.

“இது அதே மீட்டர் இல்ல தம்பி. அதுட தம்பி மாதிரி. வயரும் கொஞ்சம் கூட. உங்களுக்கு வேலை தெரியுமெண்டாக் கொண்டு போங்க, தெரியாட்டி சைக்கிள இஞ்ச கொண்டு வாங்க, நாங்க பாத்துப் பூட்டித் தாறம்.”

“தெரியும் நானா” என்றேன். அந்த இரண்டு சொற்களை நான் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பழைய மீட்டரில் நாலைந்து வயர்கள். புதியதில் ஒரு கட்டுக் கீரையளவு தொங்கியது. நேசம்மாவின் முற்றத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, நிறத்துக்கு நிறம் பார்த்துக் கோர்த்தேன். வதனி பிளேன்ரீ கொண்டு வந்து வைத்தாள். அதைக் குடிக்கிற சாட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிலவற்றைக் கோர்த்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. சீற்றுக்குக் கீழே, மோட்டாரை நடத்துகிற பெட்டியில் இரண்டு வெள்ளை வயர்கள் ஒன்றோடு ஒன்று சேராமல் பிரிந்து தொங்கின. அவை முன்பும் பிரிந்தேதான் இருந்தன. என் அப்போதைய மனநிலையில், சேர வேண்டிய இரண்டு இப்படிப் பிரிந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சேர்த்துவிட்டேன்.

முடிவில் ஒரு பிளக் மிஞ்சியது. திருத்துகிற தொழிலில் ஒன்றிரண்டு மிஞ்சுவது சகஜம். (எங்கள் கடையில் மிஞ்சிய ஸ்குரூக்கள் ஒரு ஜாம் போத்தல் நிறைய இருந்தன.) கறுப்பு டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். மீட்டர் எரிந்தது. பழையதில் சாம்பல் எழுத்து, இதில் நெருப்புச் சிவப்பு. சக்கரத்தை ஸ்டாண்டில் வைத்தே மெல்லச் சுழற்றினேன். வேகம் நாற்பது என்று காட்டியது.

நேசம்மா எட்டிப் பார்த்தார். “முத்தத்தில நிண்டுகொண்டே நாப்பதில போறமா தம்பி?”

“புதுசுதானே அன்ரி. ஓட ஓடச் சரியாயிரும்.”

“மறுகா என்ன, நீயே ஓட்டு. நான் பின்னால இரிந்து பாக்கன். அம்மன் கோயிலுக்குப் பண்டம் குடுக்க இரிக்கி. உன்னோட ஒரு கதையும் இரிக்கி.”

வைகாசி மாதம். கண்ணகி அம்மனுக்கு வருஷத்துக்கொரு முறை கதவு திறக்கிற நேரம். நேசம்மா அம்மனுக்குப் படைக்கிற மடைக்குரிய வெற்றிலை, பாக்கு, பழமெல்லாம் வைத்த பெட்டியை வெள்ளைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு கரியரில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். ‘ஒரு கதை இரிக்கி’ என்றால் கலியாணக் கதைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலில் நின்ற வதனிக்குக் கண்ணைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கண் காட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும்.

போகிற வழியில் ஒரு சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி, இருந்தது. வன்னியில் யுத்தத்தின் கடைசி நாட்கள் அவை. எங்கள் பக்கத்தில் சண்டை முன்னமே ஓய்ந்திருந்தாலும் வீதிச் சென்றிகள் அப்படியே இருந்தன. சென்றி வந்தால் சைக்கிள்காரன் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, தாண்டிய பிறகுதான் திரும்ப ஏறலாம். சிறு வயதிலிருந்து பழகியதால் எங்கள் ஆட்களுக்கு இதை யோசிக்கத் தேவையில்லை. வீதியை மறித்து வைத்த தார்ப் பீப்பாயைக் கண்டதும் கால் தானாக இறங்கிவிடும். நேசம்மாவுக்கு மட்டும் முழங்காலைக் காரணம் காட்டி விலக்கு. இருந்தபடியே கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆமிக்காரர்களுக்கும் அவரை நல்ல பழக்கம்.

சைக்கிள் அருமையாக ஓடியது. சென்றி தூரத்தில் தெரிகிற நேரம் பார்த்து நேசம்மா தொண்டையைச் செருமினார்.

“தம்பி, நீ நல்ல பொடியன்தான். ஆனா இந்தக் கதை சரிவராது.”

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

“சுவிஸில இருந்து ஒரு சம்பந்தம் வந்திரிக்கி. என்ட புள்ள இந்த நாட்டில இரிக்கவேணாம். இஞ்ச ஒரு பொடியனுக்குக் குடுத்துப்போட்டு, அவன் வீட்ட வாறானா வரல்லையா எண்டு ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்துக்கொண்டிரிக்க என்னால ஏலா. நீ மனசில வச்சுக்கொள்ளாத.”

மீட்டர் திருத்திய பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியை முறுக்கியது முறுக்கியபடி கல்லாய்ச் சமைந்து போனேன்.

அப்படி அசையாமல் பிடித்ததுதான் வினை. நான் சேர்த்து வைத்த அந்த வெள்ளை வயர்களின் வேலை என்னவென்று பிறகு நானா விளக்கினார். அவை சேர்ந்திருக்கும்போது கைப்பிடியைக் கொஞ்ச நேரம் ஒரே அளவில் பிடித்திருந்தால், சைக்கிள் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் ஓடும். பிறேக்கைப் பிடித்தால்தான் விடும். பிறேக் பிடித்த செய்தியை மோட்டாருக்குக் கொண்டு போகிற வயர் எது தெரியுமா? நான் கறுப்பு டேப் சுற்றி உள்ளே தள்ளிய அந்த மிஞ்சின பிளக்.

தார்ப் பீப்பாய் வந்தது. என் கால் தானாக இறங்கியது. சைக்கிள் நிற்கவில்லை.

என் பாரம் குறைந்த சந்தோஷத்தில் அது இன்னும் வேகமெடுத்தது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினேன். பிறேக்கை இறுக்கினேன். தேய்ந்த பிறேக் கட்டை கிரீச்சிட்டது, மோட்டார் கேட்கவில்லை. சந்தைக்கு இழுத்துப் போகிற கிடாய் மாதிரி அது என்னை இழுத்தது. பின்னால் இருந்த நேசம்மாவுக்கு நடப்பது விளங்கவில்லை. வழக்கம்போல் கையை உயர்த்தி ஆமிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர்கள் பதிலுக்குச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள்.

“நில்லு” என்று ஒருவன் கத்தினான்.

“நிக்குதில்ல” என்று நானும் கத்தினேன். என்னளவில் அது முழு உண்மை.

பீப்பாய்களை வளைவு வளைவாக வைத்திருந்தார்கள். நான் ஓடியபடியே சைக்கிளை அவற்றுக்கிடையே வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். (பரீட்சை வைத்திருந்தால் நான் தேறியிருப்பேன்.) மீட்டரை அணைத்தால் நிற்கும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. பொத்தானைப் படபடவென்று குத்தினேன். அந்தப் பொத்தானை ஊன்றி அமர்த்திப் பிடித்தால்தான் அணையும், குத்தினால் வேறு ஏதோ நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. மீட்டர் சிவப்பாக விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. அதோடு பீப் பீப் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயர்கள் தொங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி, சிவப்பு வெளிச்சம் மின்னுகிறது, சத்தம் போடுகிறது, நிற்கச் சொல்லியும் நிற்காமல் சென்றிக்கு நேரே வருகிறது. பின்னால் வெள்ளைத் துணி மூடிய ஒரு பெட்டி. பக்கத்தில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். சென்றியில் நின்றவர்கள் எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். துவக்குகள் மட்டும் மேலே வந்து என் நெஞ்சைப் பார்த்தன.

சைக்கிள் மண்மூட்டைக் குவியலில் போய் முட்டி நின்றது. நின்றது என்பது தவறு. முன்சக்கரம் மண்ணுக்குள் புதைய, பின்சக்கரம் விடாமல் சுற்றி எல்லார் மேலும் புழுதி அடித்தது. நேசம்மா மெத்தென்று மணலில் உட்கார்ந்திருந்தார். மடைப் பெட்டி மடியிலேயே இருந்தது, ஒரு வெற்றிலைகூட விழவில்லை. அவர் கையை நீட்டி, பற்றரிக்குப் பக்கத்துப் பூட்டில் இருந்த திறப்பைத் திருகினார். எல்லாம் அடங்கியது. திறப்பு ஒன்று இருப்பதே எனக்கு அந்த ஓட்டத்தில் நினைவு வரவில்லை.

ஒரு அதிகாரி எழுந்து வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். சீற்றுக்குக் கீழே கைவிட்டு, டேப் சுற்றிய வயரை வெளியே இழுத்தார்.

“இது யார் செய்தது?”

“நான்” என்றேன்.

“என்ன இது?”

“மீட்டர்.” அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவர் எதைக் கேட்டாலும் “மீட்டர்” என்றே சொன்னேன் என்று நேசம்மா பிறகு சொன்னார்.

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கிரான். அந்த நாட்களில் இயக்கப் போராளிகள் நடமாடிய அந்தப் பக்கத்து முகவரியோடு இந்தப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கடையில் வேலை, வயர் வேலை தெரியும் என்று விசாரிக்க விசாரிக்க, அவர் முகத்திலிருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் போய்விட்டது. என்னைப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலைக் காட்டி உள்ளே போகச் சொன்னார்கள். இது பகிடி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி உள்ளே போனவர்களில் திரும்பி வந்தவர்களையும் தெரியும், வராதவர்களையும் தெரியும்.

நேசம்மாவிடம் அதிகாரி கேட்டார். “அம்மா, இவர் யார்? உங்களுக்குத் தெரியுமா?”

நேசம்மா மடைப் பெட்டியை மணலில் வைத்துவிட்டு, பழுதான முழங்காலை ஊன்றி, ஒருவர் கையையும் பிடிக்காமல் எழும்பினார்.

“தெரியும். என்ட மகளக் கட்டப்போற மாப்பிள்ளை.”

கொட்டில் வாசலில் நின்ற எனக்கு, பயத்தில் நடுங்குவதா சந்தோஷத்தில் நடுங்குவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் இதே வாய் இல்லை என்றது.

“எப்ப கலியாணம்?”

“வாற ஆவணி.”

“நல்ல ஆளா?”

நேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லவன்தான் ஐயா. வயர மாத்திப் பூட்டிற அளவுக்குத்தான் மூளை. மற்றபடி ஒரு வஞ்சகமும் தெரியாது.”

அதிகாரி சைக்கிளைப் பார்த்தார், புழுதி படிந்த தன் ஆட்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவர் சிரிக்க எல்லாரும் சிரித்தார்கள். அடையாள அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. அவ்வளவு பேர் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு அத்தனை நிம்மதி வேறெப்போதும் கிடைத்ததில்லை.

கோயிலில் பண்டத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். நேசம்மா சீற்றில் இருந்தார். நான் ஒரு பைத்தியக்காரன், அந்த நேரத்திலும் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல், “அன்ரி, அங்க சொன்னது…” என்று இழுத்தேன்.

“அங்க சொன்னது அவங்களுக்கு. உனக்கில்ல.”

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு அவராகவே சொன்னார்.

“என்ட தம்பியையும் ஒருக்கா இப்பிடித்தான் ஒரு சென்றியில இறக்கி வச்சாங்க. பின்னால வந்த பஸ்ஸில நான் இரிந்தனான். எல்லாரையும் இறக்கி, இவனத் தெரியுமா எண்டு கேட்டாங்க. நான் பயத்தில வாய் திறக்கல்ல, மனே. அவன் என்னைப் பாத்துக்கொண்டே நிண்டான்.”

தம்பி, தம்பி என்று கூப்பிட்டு வந்தவர் என்னை மகனாக்கி மனே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மாலை வெள்ளை வயர்களைப் பிரித்து, மிஞ்சின பிளக்கையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளையே காத்தான்குடிக்குத் தள்ளிக்கொண்டு போய் நானாவிடம் ஒப்படைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

சைக்கிள் திருந்தி வந்தது. நேசம்மாவும் பழையபடி ஊரெல்லாம் போகத் தொடங்கினார். ஆனால் எங்கே போவதென்றாலும் அந்தச் சென்றியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அதிகாரியோ மறக்கிற ஆளில்லை.

“அம்மா, மாப்பிள்ளை எங்க?”

“வேலைக்குப் போயிட்டார் ஐயா.”

இரண்டு நாள் கழித்து, “அம்மா, கலியாண வேலை எல்லாம் நடக்குதா?” இன்னொரு நாள், “மாப்பிள்ளை கனநாள் வரல்ல. ஏன்?”

நேசம்மாவின் நிலைமையை யோசியுங்கள். கலியாணம் இல்லை என்றால், அன்றைக்கு மின்னுகிற பெட்டியோடு ஓடி வந்தவன் யார் என்ற கேள்வி திரும்பவும் எழும்பும். ஆகவே நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டு அந்தச் சென்றியைக் கடக்க வேண்டியதாயிற்று. ஆமிக்காரர்கள் என்னைக் கண்டதும் விளையாட்டுக்கு மண்மூட்டைக்குப் பின்னால் ஒளிவார்கள். நேசம்மாவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். போகிற வழியில் கதைத்தோம். எனக்கு இறால் கறியில் உறைப்புக் கூடவா குறையவா என்பதில் தொடங்கி, அவருடைய தம்பி சின்ன வயதில் செய்த குழப்படிகள் வரைக்கும் கதைத்தோம். சுவிஸ் சம்பந்தத்துக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று நான் கேட்கவில்லை. ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள், கலியாணம் பேச என் அம்மாவைத் தங்கள் வீட்டுக்கு வரும்படி நேசம்மா சொன்னதாக வதனி கடைக்கு வந்து சொன்னாள். அன்றைக்கு அவள் ரீலோட் போடாமலே போனாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேற்றாத்தீவுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு இந்த வீட்டில் எந்தப் பொருளையும் திறக்க எனக்கு அனுமதி இல்லை. மின்குமிழ் போனால்கூட ஆள் பிடித்துத்தான் மாற்றுவார்கள். நான் டோர்ச்சைக் கையில் எடுத்தாலே என் மகள் ஓடிப் போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு “நில்லு” என்பாள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் யாராவது, “உங்களுக்குக் கலியாணம் பேசினது ஆரு?” என்று கேட்டால் மாமி என்னை முந்திக்கொண்டு, “ஆமிக்காரர்தான்” என்பார். கேட்டவர்கள் நம்பாமல் என்னைப் பார்ப்பார்கள். நானும் ஓம் என்று தலையாட்டுவேன்.

போன கிழமை வதனிக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை. சோறு வடித்துக்கொண்டிருந்த மாமி மேல் அவள் பாய்ந்தாள். “எல்லாம் உங்களால வந்தது. அண்டைக்குச் சென்றியில நீங்க வாயப் பொத்திக்கொண்டு இரிந்திருந்தா நான் இப்ப சுவிஸில இரிந்திரிப்பன்.”

மாமி சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நான் என்ன செய்யிற புள்ள? அண்டைக்குச் சைக்கிள் மட்டுமா நிக்கல்ல, என்ட வாயுந்தான் நிக்கல்ல.”